ராஸ்பெரி பையில் கணிப்பான்: மினுங்கும் இலக்கங்களும் தவறும் விசைகளும்

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து)

வணக்கம். ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எட்டு இலக்க எல்இடி திரையும் பதினாறு விசைகளும் இணைத்துக் கணிப்பான் ஒன்றைச் செய்து வருகிறேன். ஒரே லூப்பில் ஒரு நேரத்தில் ஓர் இலக்கம் என்று ஒவ்வோர் இலக்கத்தையும் 2 மில்லிசெக்கன் ஒளிரவிட்டு, 16 மில்லிசெக்கனில் ஒரு சுற்றை முடித்து, சுற்றுக்கொரு முறை விசைகளையும் வாசிக்கிறேன். விசையொன்று ஐந்து சுற்றுகள் தொடர்ந்து அழுத்தப்பட்டிருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்கிறேன். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் விடைகளை எஸ்டி அட்டையில் எழுதும் வேளைகளில் ஓர் இலக்கம் மட்டும் பளிச்சென்று எரிய ஏனையவை அணைந்துபோகின்றன. 1250 என்று தட்டினால் 150 என்று விழுகிறது. கடைக் கணக்குப் பார்க்கும் அப்பாவுக்காகச் செய்கிறேன் என்பதால், இந்த நிலையில் அதை அவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

மறுமொழி 1

நிரலைச் சிறிது நேரம் உறங்கவைக்க நீங்கள் பயன்படுத்துவது யூஸ்லீப் செயற்கூறு என்றால், அது குறித்த நேரத்துக்கு முன் எழுப்பமாட்டேன் என்று மட்டுமே உறுதி தருகிறது. எவ்வளவு பிந்தி எழுப்பும் என்பதற்கு எல்லை இல்லை. அதுவரை ஒரே இலக்கம்தான் எரிந்துகொண்டிருக்கும். எஸ்டி அட்டையில் எழுதுவதை வேறொரு திரெட்டுக்கு (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடருக்கு) மாற்றுங்கள். திரைக்கான திரெட்டுக்கு சாதாரண வேலைகளுக்கு முன் இயங்கவிடும் ஸ்கெட் ஃபைஃபோ முன்னுரிமை கொடுத்து, நிரலின் நினைவகம் ரேமிலிருந்து வெளியேறாதபடி எம்லாக்ஆல் மூலம் பூட்டி, கிளாக் நானோஸ்லீப் என்ற உறக்கச் செயற்கூற்றில் அடுத்து எழ வேண்டிய நேரத்தையே நேரடியாகக் கொடுங்கள். அப்போது ஒரு சுற்றின் தாமதம் அடுத்த சுற்றில் சேராது. இத்தகைய தாமதத்தைக் குறைக்கும் பிரீயெம்ப்ட் ஆர்டி வசதி 2024இல் வெளிவந்த லினக்ஸின் 6.12 கேர்னலிலேயே (மையக் கருவிலேயே) சேர்ந்துவிட்டதால், 64 பிட் கேர்னலில் அதையும் இயக்கிப் பார்க்கலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே. ஆயினும், இலக்கங்களை மாற்றிமாற்றி எரிக்கும் வேலையை லினக்ஸிடம் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேக்ஸ் 7219 சிப் எட்டு இலக்கங்களையும் செக்கனுக்குச் சுமார் 800 தடவை தானாகவே சுற்றிவரும். எண் மாறும்போது மட்டும் நீங்கள் எழுதினால் போதும், பை அரைச் செக்கன் பிந்தினாலும் திரை மினுங்காது. இரண்டு விடயங்களைக் கவனியுங்கள்: திரை பொதுக் கதோட்டு வகையாக (ஓர் இலக்கத்தின் எல்இடிகள் அனைத்தின் எதிர்முனைகளும் ஒன்றாக இணைந்ததாக) இருக்க வேண்டும், 5 வோல்ட்டில் இயங்கும் அந்தச் சிப் குறைந்தது 3.5 வோல்ட்டையே உயர்நிலையாக (1 என்ற சமிக்ஞையாக) ஏற்பதாலும் பை 3.3 வோல்ட்டே தருவதாலும், இடையில் வோல்ட் மட்டத்தை உயர்த்தும் மட்டமாற்றி ஒன்று தேவை.

விசைகள் தவறுவதற்குக் காரணம், நீங்கள் நேரத்தை அளக்காமல் சுற்றுகளை எண்ணுவதுதான். ஐந்து சுற்றுகளுக்கே 80 மில்லிசெக்கன் ஆகிறது. அதனுடன் 40 மில்லிசெக்கன் தாமதம் சேர்ந்தால், விரைவாகத் தட்டுபவரின் விரல் அதற்குள் எழுந்துவிடும். விசைகளை வாசிப்பதற்கென்று கேர்னலிலேயே உள்ள ஜிபிஐஓ மேட்ரிக்ஸ் கீபேட் இயக்கியைப் பயன்படுத்துங்கள். உங்கள் நிரல் பிந்தினாலும் விசை நிகழ்வுகள் நேரக்குறியுடன் வரிசையில் காத்திருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கீபேட் இயக்கியை இன்றிரவே அமைத்து, எஸ்டி அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே 1250ஐ நூறு தடவை தட்டினேன், ஒன்றும் தவறவில்லை. மல்டிமீற்றரில் பார்த்தபோது திரையும் பொதுக் கதோட்டு வகைதான். சனிக்கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சிப்பையும் மட்டமாற்றியையும் தேடிப் பார்க்கிறேன்.