சுடலை கொடையில் பெண் வில்லடிக்கலாமா?

கூட்டத்தைக் கண்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று எழுதிய தங்கைக்கு: எனக்கும் அடைக்கும். வில்லுப்பாட்டுக்கு வில்லின் முன் அமர்ந்து, நாணில் அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுக்கும்வரை இன்றும் அடைக்கும்.

இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் நான் பாடியபோது யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நாங்குநேரிக்குக் கிழக்கே ஓர் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் குழு பாட வந்ததும் பேச்சு கிளம்பியது. “பெண்பிள்ளை பாடிச் சுடலை இறங்குவானா?” என்று ஒரு பெரியவர் என் காதில் விழும்படியே கேட்டார். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. 2018-இல் காலமான பூங்கனி அம்மா, கன்னியாகுமரிப் பக்கத்தில் சிறுமியாக இருந்தபோதே வில்லடிக்க வந்தவர். இது என்ன நான் புதிதாகக் கொண்டுவந்த வழக்கமா?

ஆனால் கோபத்தோடு எடுத்தால் சுருதி ஏறிவிடும். விடிய விடியப் பாட வேண்டிய கதைக்குத் தொண்டை தாங்காது. அதனால் தொடக்கத்தில் பாடும் காப்புப் பாட்டை வழக்கத்தைவிட ஒரு கட்டை இறக்கியே எடுத்தேன். பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்திச் சுடலையைப் பிள்ளையாகப் பெறும் கட்டம் வரும்வரை கூட்டத்தின் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. குடத்தில் விழும் அடியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டைத் தொட்டதும், சாமியாடும் கோமரத்தாடி துள்ளி எழுந்தார்.

பெரியவர் விட்டுவிடுவாரா? அது வில்லுக்கு இறங்கவில்லை, எதிர்ப்பக்கம் கணியான் கூத்துக்காரர் அடித்த மகுடம் என்ற பறைக்குத்தான் இறங்கியது என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும். மகுடம் அடித்த அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

* * *

அக்கா விட்டுவிட்ட ஒன்றை நான் சொல்கிறேன். நான் பாடுபவன் இல்லை. வேறொரு குழுவில் குடம் அடிப்பவன்.

கதை பாடும் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருக்கும் நாங்கள் ‘ஆமா’ போடுவோம். கேட்பவர்களுக்கு அது ரசனை, எங்களுக்கோ காவல் வேலை. புலவருக்கு வரி மறந்துவிட்டால் முகத்திலேயே தெரிந்துவிடும். உடனே ‘ஆமா’வை இழுப்போம், உடுக்கைக்காரர் ஒரு சுற்றுக் கூடுதலாக அடிப்பார். அப்படியும் வரி வரவில்லை என்றால், “அப்படியா! பிறகு என்ன ஆயிற்று?” என்று கதை தெரியாதவர்போல ஒருவர் கேட்பார். பதில் சொல்லத் தொடங்கும்போது பாதிப் பேருக்குக் கதை தானாக வந்துவிடும். மீதிப் பேருக்கு நாங்களே அடியெடுத்துக் கொடுப்போம். எதிரே இருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

தங்கை தனியாகப் பாடப் போகிறார் என்றால், முதலில் ‘ஆமா’ போட ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லச் சொல்லுங்கள். நான் பாளையங்கோட்டைப் பக்கம்தான், குடத்தோடு வந்துவிடுகிறேன்.