அம்பாசடர் ஹேண்ட் கியர் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிறது: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மார்க்-3 காரர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா வைத்திருந்த 1977-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3 இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், நான்கு கியர், ஸ்டியரிங் தண்டில் ஹேண்ட் கியர். நான் இதுவரை ஓட்டியவை எல்லாம் தரையிலிருந்து கியர் கம்பி எழும் ஃப்ளோர் கியர் வண்டிகள்தான்.

சிக்கல் இதுதான். சிக்னலில் இருந்து கிளம்பி, இரண்டாவது கியரில் நன்றாக இழுத்துவிட்டு மூன்றுக்கு மாற்றும்போது, கைப்பிடி நடுவில் வந்து நின்றுவிடுகிறது. மூன்றும் விழுவதில்லை, திரும்ப இரண்டும் விழுவதில்லை. சில நேரம் கைப்பிடி நியூட்ரலில் இருப்பது போலத் தெரிந்தாலும் கிளட்சை விட்டால் வண்டி இரண்டாவது கியரில் நகர்கிறது. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திக் கைப்பிடியைப் பலமுறை ஆட்டினால் விடுபடுகிறது. காலையில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டும்போது இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இன்னொன்று, வண்டி நின்ற நிலையில் முதல் கியர் போட்டாலே 'கர்ர்' என்று பல் உரசும் சத்தம் வருகிறது. பார்த்த பட்டறையில் கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும், அதற்கு ஃப்ளோர் கியராக மாற்றிவிடுவதே மேல் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போவதற்கு முன்பு நானே பார்க்கக்கூடியது எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய பட்டறை, மதுரை

தம்பி, கியர்பாக்ஸை இப்போதைக்குத் தொட விடாதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு வேறு தொல்லைகள்; பட்டறையில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய வேலையாக்கிச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் மாட்டிக்கொள்வதைப் பார்ப்போம். ஃப்ளோர் கியரில் கைப்பிடியின் அடிமுனை நேராகக் கியர்பாக்ஸுக்குள் இறங்கிவிடும். ஹேண்ட் கியரில் உங்கள் கைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு நீண்ட குழல், அதன் அடியில் கைகள் (நெம்புகோல் போன்ற சிறு தகடுகள்), ராடுகள், புஷ்கள் (மூட்டில் பின்னைச் சுற்றியிருக்கும் சிறு வளையங்கள்), பின்கள் என்று ஒரு ஊரே இருக்கிறது. கைப்பிடியை ஸ்டியரிங் சக்கரத்தை நோக்கியோ அதிலிருந்து விலக்கியோ நகர்த்தும் அசைவு எந்த ஜோடி கியர் என்பதைத் தேர்ந்தெடுக்கிறது; மேலும் கீழுமான அசைவு அந்த ஜோடியில் ஒன்றைப் போடுகிறது. ஒன்று, இரண்டு ஒரு ஜோடி. மூன்று, நான்கு மற்றொரு ஜோடி. ஆகவே இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் ஒரே இடத்தில்தான் நியூட்ரலுக்கு வந்து, ஜோடி தாண்டி, பிறகு கியர் போடுவது என்று மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்க வேண்டும். புஷ்கள் தேய்ந்திருந்தால் கைப்பிடி ஜோடி தாண்டிவிட்டதாக உங்கள் கைக்குத் தோன்றும், ஆனால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விரல் போன்ற முனை, கியர்களை நகர்த்தும் இரண்டு ஃபோர்க்குகளுக்கும் (கவைகளுக்கும்) நடுவில் பாதி வழியில் நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழக்கூடாது என்பதற்காக உள்ளே வைத்திருக்கும் பூட்டு அப்போது தன் வேலையைச் செய்கிறது. அதனால்தான் முன்னும் போவதில்லை, பின்னும் வருவதில்லை.

குறை எங்கே என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோதும் கைப்பிடி தடுமாறினால் குறை ராடுகளிலோ புஷ்களிலோ இருக்கிறது. அணைத்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் எதிர்த்தால் கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று பொருள். ஏதேனும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் ஓட்டத்தில் தானாகக் கழன்று வந்தாலோ, உறுமினாலோ மட்டுமே கியர்பாக்ஸின் உள்ளே சந்தேகப்பட வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. (சில நேரம் தடுமாறும் கியர் பல்லின் மேல் பல் நிற்பதாலும் இருக்கலாம், வண்டியை ஒரு அடி தள்ளிவிட்டு மீண்டும் போட்டால் அது தெரிந்துவிடும்.)

முதல் கியர் சத்தத்துக்கு வருகிறேன். இந்தக் கியர்பாக்ஸில் இரண்டு, மூன்று, நான்குக்குத்தான் சிங்க்ரோமெஷ் (பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. கிளட்சை மிதித்த பிறகும் உள்ளே பற்சக்கரங்கள் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி நிற்பதற்குள் முதல் கியரைத் தள்ளினால் உரசத்தான் செய்யும், அது புது வண்டியானாலும் சரி. கிளட்சை மிதித்து, முதலில் இரண்டாவது கியரைத் தொட்டுவிட்டு, கிளட்சை விடாமலேயே முதல் கியருக்கு வாருங்கள். இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம் உள் சுழற்சிக்குப் பிரேக் போட்டுவிடும், சத்தமில்லாமல் விழும். கிளட்சை நன்றாக மிதித்து, நிதானமாகக் காத்திருந்து ரிவர்ஸ் போட்டும் உரசினால் மட்டும் கிளட்சைச் சந்தேகியுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், சென்னை

பட்டறைக்காரர் சொன்னதோடு ஓட்டும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளோர் கியரில் பழகியவர்கள் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஒரு சாய்வுக் கோட்டில் இழுப்பார்கள். அங்கே அது செல்லுபடியாகும், ஏனென்றால் கம்பி குறுகியது, வழியும் தெளிவாக வெட்டியிருக்கும். ஹேண்ட் கியரில் அந்தச் சாய்வு இழுப்புதான் புஷ்ஷைத் தின்னும். நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கணம் கையைத் தளர விடுங்கள். கைப்பிடி தன் நடுநிலைக்குப் போய் நிற்பது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு மூன்றாவதைப் போடுங்கள். கைப்பிடியை முஷ்டியாகப் பிடிக்கக் கூடாது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டும்போது இடது கையைக் கைப்பிடியிலேயே தொங்கவிடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கையின் எடை குழல், ராடு வழியாக உள்ளே இருக்கும் ஃபோர்க்கின் மேல்தான் போய் உட்காருகிறது.

பதில்: டாட்ஜ் பிரியர், திருச்சி

என்னிடம் இருப்பது 1950-களின் டாட்ஜ், மூன்று கியர் ஹேண்ட் கியர். இழுத்து மேலே ரிவர்ஸ், இழுத்துக் கீழே முதல், விலக்கி மேலே இரண்டு, கீழே மூன்று. அதிலும் ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாண்டும் இடத்தில் இதே தொல்லை வரும். பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் வரும்படி கையாலேயே நகர்த்திவிட்டால் விடுபட்டுவிடும். அம்பாசடரிலும் அப்படிச் செய்து பார்க்கலாமே?

பதில்: பழைய பட்டறை, மதுரை

பானெட்டைத் திறந்து விடுவிப்பது இங்கும் உண்டு, ஐயா. ஆனால் இரண்டு கைகளின் வேலை வேறு. உங்கள் டாட்ஜில் ஒரு கை முதல், ரிவர்ஸ் இரண்டுக்கும், மற்றொரு கை இரண்டு, மூன்றுக்கும் பொறுப்பு. ஆகவே இரண்டும் நேர்கோட்டில் இருந்தால்தான் நியூட்ரல். அம்பாசடரில் ஒன்று ஜோடியைத் தேர்ந்தெடுக்க, மற்றொன்று கியரைப் போட. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதில் பொருளில்லை. கியரைப் போடும் கையை மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் போதும், தேர்வுக் கை தானாக விடுபடும்.

செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கல் வைத்திருக்க வேண்டும். சரிவில் நின்று இதைச் செய்தால் கியர் விடுபட்ட நொடியே வண்டி உருளும். கியர் மாட்டியிருக்கும் நிலையில் கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டரைத் தொட்டால் வண்டி குதிக்கும், அதையும் மறந்துவிட வேண்டாம்.

கேட்டவர்: மார்க்-3 காரர், கோயம்புத்தூர்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி சோதித்தேன். இன்ஜினை அணைத்த நிலையில் எல்லாக் கியரும் விழுகின்றன, ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் ஒரு தடுமாற்றம் தெரிகிறது. கைப்பிடியின் நுனி எந்தக் கியரிலும் இல்லாதபோது மேலும் கீழும் ஏறத்தாழ நான்கு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடுகிறது. இரண்டைத் தொட்டுவிட்டு ஒன்றுக்கு வந்தால் முதல் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. ரிவர்ஸும் காத்திருந்து போட்டால் உரசவில்லை. ஆக, கிளட்ச் நல்லபடியாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

புரியாதது ஒன்று: வேகமாக இழுத்த பிறகு மட்டும் ஏன் முற்றிலுமாக மாட்டிக்கொள்கிறது? மெதுவாகப் போகையில் தடுமாறினாலும் விழுந்துவிடுகிறதே.

பதில்: பழைய பட்டறை, மதுரை

அங்கேதான் இன்ஜின் மவுண்டிங், அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு, வருகிறது. ஸ்டியரிங் தண்டு பாடியோடு இறுக்கப்பட்டது. கியர்பாக்ஸோ இன்ஜினோடு சேர்ந்து ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கட்டியிருக்கும் ராடுக்கு, இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தால் நீளம் மாறியது போல ஆகிவிடும். ரப்பர் கெட்டிருந்தால் ஆக்சிலேட்டர் அழுத்தத்தில் இன்ஜின் சாய்ந்து, காலை எடுத்ததும் மறுபக்கம் சாயும். சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் மூன்றாவது கியரைத் தேடுகிறீர்கள். மெதுவாகப் போகையில் இந்தச் சாய்வு குறைவு.

பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி, முதல் கியரில் கிளட்சை லேசாக, வண்டி நகராத அளவுக்கு விட்டுப் பாருங்கள். இன்ஜின் தலையசைப்பது போலச் சிறிது சாய்வது இயல்பு. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்தால் மவுண்டிங் போய்விட்டது. எண்ணெய் ஒழுகும் பழைய இன்ஜினில் ரப்பர் ஊறி உப்பி, கையால் பிய்த்தால் வரும் நிலையில் இருக்கும்.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். முதலில் மவுண்டிங், அது சரியாகாமல் ராடை அளவு வைப்பதில் பயனில்லை. அடுத்து ஸ்டியரிங் தண்டைப் பிடிக்கும் கிளாம்ப் டேஷ்போர்டுக்கு அடியில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்க வேண்டும். அதன் பிறகு தண்டின் அடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஒவ்வொரு மூட்டாக, ஒருவர் கைப்பிடியை ஆட்ட, மற்றவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கிறதோ அங்கே புஷ்ஷோ பின்னோ தேய்ந்திருக்கிறது. பின் போகும் துளையே நீள்வட்டமாகியிருந்தால் புது பின் போட்டுப் பயனில்லை, துளையை அடைத்துத் திரும்பத் துளையிட வேண்டும். ஒரு நல்ல லேத் பட்டறைக்கு அது சிறு வேலை. கடைசியில்தான் ராடின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பலர் இதை முதலில் செய்துவிட்டு, இரண்டு மாதத்தில் திரும்ப வருவார்கள்.

கியர் ஆயில் மாற்றுவதானால் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்க வேண்டாம். ஜி.எல்.-5 தர ஆயில் டிஃபரென்ஷியலுக்கு (பின் அச்சில் இருக்கும் பற்சக்கரப் பெட்டிக்கு) நல்லது. ஆனால் அதில் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் பொருள்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் தரத்தையே ஊற்றுங்கள்.

பதில்: விண்டேஜ் ஆர்வலர், புதுச்சேரி

ஃப்ளோர் கியராக மாற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லை. டாக்சிக்காரர்கள் பலர் மாற்றியதுண்டு, நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு அது நியாயமும்கூட. 1990-களில் இசுசு இன்ஜினுடன் வந்த அம்பாசடர் 1800-இல் தொழிற்சாலையே ஐந்து கியரும் ஃப்ளோர் கியரும் கொடுத்துவிட்டது. ஆனால் 1956-இன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் III வழி வந்த இந்த உடலில், முன்பக்கம் நீள இருக்கையும் ஹேண்ட் கியரும் சேர்ந்துதான் மூன்று பேர் உட்காரும் இடத்தை உண்டாக்குகின்றன. மாற்றினால் நடுவில் இருப்பவரின் கால் வைக்கும் இடம் போய்விடும். தரையில் துளை போட வேண்டியிருக்கும். நாளை யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் மேற்கு வங்காளத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு ஸ்டியரிங் தண்டைத் தேடி அலைய வேண்டும். புஷ்ஷும் மவுண்டிங்கும் மாற்றினால் தீரும் தொல்லைக்கு இது தேவையில்லாத செலவு என்பது என் எண்ணம். மாற்றுவது என்று முடிவு செய்தாலும் கழற்றும் பாகங்களைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

கேட்டவர்: மார்க்-3 காரர், கோயம்புத்தூர்

இன்ஜின் சாய்வதைச் சோதித்தபோது ஒரு பக்கம் நன்றாகவே எழுந்தது. மவுண்டிங்குகளை மாற்றியதும் முழுவதுமாக மாட்டிக்கொள்வது நின்றுவிட்டது. தண்டின் அடியில் ஒரு மூட்டில் பின் அரைவாசி தேய்ந்து, கழுத்துப் போல் ஒல்லியாகியிருந்தது. அதையும் அதன் புஷ்ஷையும் மாற்றி, துளையைச் சரிசெய்த பிறகு கைப்பிடியின் ஆட்டம் ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. ஃப்ளோர் கியர் பேச்சை விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் மீதி. ஊட்டிச் சாலைக் கொண்டை ஊசி வளைவில் வண்டி முழுவதும் நிற்காமல் உருளும்போது முதல் கியருக்கு இறக்க வேண்டி வந்தால் என்ன செய்வது? இரண்டைத் தொட்டுவிட்டு வரும் உபாயம் அங்கே உதவவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், சென்னை

உதவாது. நின்ற வண்டியில் உள்ளே சுழல்வதை நிறுத்த வேண்டும். உருளும் வண்டியில் உள்ளே சுழற்சியைக் கூட்ட வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விடுங்கள், ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி எடுங்கள், மீண்டும் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போடுங்கள். வண்டி நடக்கும் வேகத்தில்தான் இருக்க வேண்டும்; அதற்கு மேல் முயலவே கூடாது. முதலில் சமதரையில், ஆளில்லாத இடத்தில் கை பழகும்வரை செய்து பாருங்கள். மலையில் சரியாக வராவிட்டால் கூச்சப்படாமல் வண்டியை முழுவதும் நிறுத்தி, முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுக் கிளம்புங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.