கடலை மஞ்சளாகிறது, மாட்டுக்கும் சினை நிற்கவில்லை – அவசரம்

மேட்டாங்காடு:
வணக்கம். கடலைக்காடு பாதிக்கு மேல் மஞ்சள் அடித்துவிட்டது. யூரியா போட்டும் மாறவில்லை. கடையில் நுண்ணூட்டம் என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள், மண்ணில் தூவினேன், காசு போனதுதான் மிச்சம். இந்த நேரம் பார்த்து மாட்டுக்கும் சினை ஊசி போட்டுப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, சினை நிற்கவில்லை, சுவரை நக்கிக்கொண்டே நிற்கிறது. என்ன அடிக்கலாம், என்ன கொடுக்கலாம், அளவோடு சொல்லுங்கள்.

கரிசல்காரன்:
எந்தப் பக்கம், என்ன மண், கிணற்றுத் தண்ணீரா போரா, விதைத்து எத்தனை நாள்? முக்கியமாக, மஞ்சள் அடி இலையிலா கொழுந்திலா? இதைச் சொல்லாமல் எதையும் அடிக்கச் சொல்ல முடியாது.

தோப்புக்காரர்:
இது மெக்னீசியம் குறைதான். எப்சம் உப்பு அடியுங்கள். என் தென்னையில் இப்படித்தான் மட்டை மஞ்சளானது, எப்சம் வைத்த பிறகு தேறியது.

மண்வாசி:
தொழு உரம் போடாத மண்ணில் எதை அடித்தாலும் நிற்காது. பஞ்சகவ்யா 3 சதவீதம் அடித்துப் பாருங்கள், மாட்டுக்கும் முருங்கைக்கீரை கொடுங்கள்.

சீட்டு_எங்கே:
ஒவ்வொரு பட்டத்துக்கும் இதே கேள்வி, இதே பதில்கள். மண் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் மருந்து கேட்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை. தென்னையில் மெக்னீசியம் குறைந்தால் அடிமட்டைதான் மஞ்சளாகும், அது தெரியாமல் கடலைக்கு எப்சம் சொல்கிறார் ஒருவர். முதலில் இலை பார்க்கப் பழகிக்கொண்டு வந்து எழுதுங்கள்.

தோப்புக்காரர்:
கேட்டவருக்கு உதவத்தானே வந்தோம், பாடம் நடத்தவா வந்தோம்?

மேட்டாங்காடு:
தாராபுரம் பக்கம். செம்மண், ஒரு அடி தோண்டினால் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கல். போர் தண்ணீர், கொஞ்சம் சவர். விதைத்து 35 நாள். கொழுந்துதான் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, வாய்க்கால் ஓரம் இலை வெள்ளையாகவே போய்விட்டது. மாடு கலப்பினம், கறுப்பு.

கரிசல்காரன்:
சரி, இப்போது தெளிவாகிவிட்டது, இது இரும்புக் குறை. தழைச்சத்து குறைந்தால் அடி இலைதான் முதலில் வெளுக்கும், ஏனென்றால் செடி அங்கிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அதனால் கொழுந்து வெளுக்கும். உங்கள் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஒரு கட்டி மண்ணில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு மண்தான். வாய்க்கால் ஓரம் வெளுத்ததற்கும் அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்தான் காரணமாக இருக்கும், அங்கே ஈரமும் அதிகம் நிற்கும்.

மண்ணில் போடும் அன்னபேதியெல்லாம் (இரும்பு சல்பேட்) அங்கேயே துருவாகிவிடும், இலையில்தான் அடிக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் அன்னபேதியைப் போடுங்கள். போர் தண்ணீரில் நேராகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கரைசல் துருப்பிடித்த நிறமாகிவிடும், அப்படி ஆனதை அடித்துப் பயனில்லை. கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், 10 நாள் விட்டு இன்னொரு முறை. மஞ்சள் தெளியும்வரை தண்ணீரைக் கொஞ்சம் காய விட்டுப் பாய்ச்சுங்கள்.

உரக்கடை_தம்பி:
அன்னபேதி பழைய முறை. இப்போது எல்லோரும் கீலேட் இரும்புதான் (கரிமப் பொருளோடு பிணைத்த இரும்பு) வாங்குகிறார்கள், சுண்ணாம்பு அதைப் பூட்டாது. சொட்டுநீரில் விட்டால் போதும்.

கரிசல்காரன்:
எந்தக் கீலேட் என்று சொல்லுங்கள். ஈடிடிஏ என்றால் மண்ணின் கார அமிலத்தன்மை (பிஎச்) 6.5ஐத் தாண்டினாலே இரும்பை விட்டுவிடும். இவருடைய மண் எப்படியும் 8 இருக்கும், அவர் தூவிய பாக்கெட்டும் அந்த வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் நிற்பது இடிடிஎச்ஏ வகை, அதன் விலையில் கடலை விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. விற்கிறவர்கள் இதைச் சொல்லி விற்க வேண்டும்.

உரக்கடை_தம்பி:
எல்லாக் கடைக்காரரையும் ஒன்றாகப் பேசாதீர்கள் அண்ணா. கேட்கிறவருக்கு நான் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

மண்வாசி:
இரண்டுமே ரசாயனம்தான். மண்ணை உயிரோடு வைத்தால் இந்தப் பேச்சே வராது.

சீட்டு_எங்கே:
மட்கு சேர்த்தால் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் சுக்காங்கல்லைப் பஞ்சகவ்யா கரைக்காது. 35 நாள் பயிருக்கு இந்த வாரம் என்ன செய்வது என்று கேட்கிறார், அதற்குப் பதில் உண்டா?

மண்வாசி:
நிலம் அவருக்கு அடுத்த வருடமும் வேண்டும், அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

தொழுவத்து_அக்கா:
மாட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தம்பி, கன்று போட்டு எத்தனை மாதம்? என்ன தீனி? கறுப்பு முடி செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டது போல வெளுத்திருக்கிறதா?

மேட்டாங்காடு:
செம்பட்டையாகத்தான் இருக்கிறது, வெயில் என்று நினைத்தோம். சோளத்தட்டு, வைக்கோல், கடலைக்கொடி.

தொழுவத்து_அக்கா:
அப்படியானால் தாமிரக் குறையாக இருக்கலாம். உங்கள் மண்ணோடு இதற்குத் தொடர்பு உண்டு. காரமான மண்ணில் செடி மாலிப்டினம் என்ற தாதுவை அதிகம் எடுக்கும், அது மாட்டின் வயிற்றில் கந்தகத்தோடு சேர்ந்து தாமிரத்தைக் கட்டிப்போட்டுவிடும். தீனியில் தாமிரம் இருந்தும் உடம்பில் சேராது. சுவரை நக்குவது பெரும்பாலும் உப்போ பாஸ்பரஸோ குறைந்ததால் வருவது, வைக்கோலிலும் தட்டிலும் பாஸ்பரஸ் மிகக் குறைவு. தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் தீவனத்தில் கலந்து கொடுங்கள், கொஞ்சம் சமையல் உப்பும். பலன் தெரிய மாதக்கணக்காகும், இடையில் நிறுத்தாதீர்கள். ஆனால் சினை நிற்காததற்குக் கருப்பைப் புண்ணும் காரணமாகலாம், பருவம் தவறி ஊசி போட்டாலும் நிற்காது. கால்நடை மருத்துவரை ஒருமுறை கையை உள்ளே விட்டுக் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செம்மறி வைத்திருந்தால் மாட்டுக்கான கலவையை அதற்குக் கொடுக்கவே வேண்டாம். செம்மறிக்குத் தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் சிறுநீர் சிவந்து திடீரென்று செத்துவிடும். செம்மறிக்கென்று தனிக் கலவை இருக்கிறது, அதை வாங்குங்கள்.

ஆடிப்பட்டம்:
இடையில் ஒரு சந்தேகம். சுண்ணாம்பு மண் என்றால் கடலைக்கு ஜிப்சம் போடலாமா?

கரிசல்காரன்:
தாராளமாக. ஜிப்சம் காரத்தைக் கூட்டாது. ஏக்கருக்கு 160 கிலோ, 40–45ஆம் நாள் மண் அணைக்கும்போது. அதைப் போடாமல் விட்டால் பருப்பு பிடிக்காமல் காய் பொக்காகும்.

மேட்டாங்காடு:
சிட்ரிக் அமிலம் போட்டுத்தான் அடித்தேன், கரைசல் பச்சையாகவே இருந்தது. அடித்த பக்கம் கொழுந்து பச்சை கட்டிவிட்டது, வாய்க்கால் ஓரம் இன்னும் பாக்கி. செம்மறி பத்து உருப்படி இருக்கிறது, அதே கலவையைத்தான் வைக்க இருந்தேன், நிறுத்திவிட்டேன். மாட்டுக்கு டாக்டர் நாளை வருகிறார். எல்லோருக்கும் நன்றி.

தொழுவத்து_அக்கா:
டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள் தம்பி.

ஆடிப்பட்டம்:
வாய்க்கால் ஓரம் இரண்டாவது முறை அடித்தீர்களா? எங்களுக்கும் அதே சவர்த் தண்ணீர்தான்.