அம்மா போட்ட 200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 260 ஆகத் திரும்பி வந்துவிட்டது, இப்போது 8,000 கேட்கிறார்கள்

சிப்புட்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஈப்போவில் வேலை. அம்மா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்கா அவரை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறார். தங்கம் வாங்கி விற்கிறார்களாம், நாளுக்கு 3 விழுக்காடு லாபமாம். அம்மா 200 வெள்ளி போட்டார், பத்து நாளில் 260 பேங்கில் வந்துவிட்டது. இப்போது சேமநிதிப் பணத்திலிருந்து 8,000 போட்டால் விஐபி ஆகலாம் என்கிறார்கள். எஸ்எஸ்எம் (கம்பெனிப் பதிவு ஆணையம்) பதிவுச் சான்றிதழ் வேறு அனுப்பியிருக்கிறார்கள். நான் மோசடி என்றால், “வந்த காசு பொய்யா?” என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

கங்சார்_பாலா:

பணம் வந்திருக்கிறதே அக்கா. என் மச்சானும் இந்த மாதிரி ஒன்றில் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாமே?

பழைய_கிராணி:

மகளே, அம்மாவிடம் பொய் என்று ஆரம்பிக்காதீர்கள். வந்த காசு நிஜம்தான். 8,000ஐ வாங்க அவர்கள் செய்த செலவு அந்த 60 வெள்ளி. சின்ன மீனைப் போட்டுத்தான் பெரிய மீனைப் பிடிப்பார்கள்.

தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது ஆட்களின் சம்பளப் பட்டியல், எழுதியே காலத்தை ஓட்டியவன் நான், கணக்குப் போடாமல் பேச வராது. நாளுக்கு 3 விழுக்காடு என்றால், 1,000 வெள்ளியை லாபத்தோடு சேர்த்துச் சேர்த்துப் போட்டால் ஒரு வருடத்தில் 4 கோடியே 80 லட்சம் வெள்ளியைத் தாண்டும். சேமநிதி 2024ஆம் வருடம் முழுவதற்கும் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. இவர்கள் அதை மூன்றே நாளில் கொடுக்கிறார்களாம்! இந்தக் கணக்கை அம்மா எதிரில் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுங்கள்.

நம் பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 1980களின் கடைசியில் தைப்பிங்கில் பாக் மான் தெலோ என்ற முதலீட்டுத் திட்டம் நடந்தது. அதிலும் லாபம் ஒழுங்காகத்தான் கைக்கு வந்தது, வரவர ஜனம் இன்னும் கொண்டுபோய்க் கொட்டியது. பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் தொழில். 2017இல் பினாங்கில் ஜேஜேபிடிஆர் என்ற அந்நியச் செலாவணித் திட்டம், மாதம் 20 விழுக்காடு லாபம் என்றார்கள். அதுவும் கவிழ்ந்தது.

எஸ்எஸ்எம் சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். வருடத்துக்கு 60 வெள்ளி கட்டினால் ஒரு வியாபாரப் பெயரைப் பதிந்துவிடலாம், ஒட்டுக்கடைக்காரரிடமும் அது இருக்கிறது. ஊரார் பணத்தை வைப்புத்தொகையாக வாங்க மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும், முதலீடாக வாங்க மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமம் வேண்டும். இரண்டு இடத்திலும் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, பாருங்கள்.

அப்புறம், அம்மா 200 அனுப்பிய ரசீதை எடுங்கள். பெறுபவர் யார் பெயர்? கம்பெனிக்குப் போகிற பணம் ஏன் தனி ஆள் கணக்குக்குப் போகிறது? அந்த எண்ணை போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டால் எத்தனை புகார் என்று காட்டும். புகார் இல்லை என்று வந்தால் நல்லவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கணக்கு புதுசாக இருக்கலாம்.

பாலா தம்பி, உங்கள் மச்சான் போட்டது மொத்தம் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு? திரையில் தெரியும் எண்ணை இதில் சேர்க்காதீர்கள். பெரிய தொகையை எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டு என்பார்கள். இருக்கிற பணத்தில் கழித்துக்கொள் என்று சொல்லிப் பாருங்கள், மாட்டார்கள். கழிக்க அங்கே பணம் ஏது?

சிப்புட்_மகள்:

ஐயா, ரசீதைப் பார்த்தோம். 200 ஒருவர் கணக்குக்குப் போயிருக்கிறது, 260 வேறொருவரிடமிருந்து வந்திருக்கிறது. இரண்டுமே நம் தமிழ்ப் பெயர்கள். முதல் எண்ணுக்குச் செமாக் மியூலில் நான்கு புகார். அம்மா 8,000 போடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார், ஆனால் அந்தக் கோயில் அக்காவோடு சண்டைக்குப் போகப் பார்க்கிறார்.

பழைய_கிராணி:

சண்டை வேண்டாம். அந்த அக்காவும் பெரும்பாலும் மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். புகார் வந்த பக்கத்தை அவருக்கும் காட்டுங்கள். 260 வெள்ளி இன்னொருவர் ஏமாந்த பணமாக இருக்கலாம். அதனால் ரசீதுகளை எடுத்துக்கொண்டு போய் பேங்கில் விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

நம் பெயர்கள் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தோட்ட லயத்துப் பையன்களிடம் ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் சில நூறு வெள்ளிக்கு வாங்கிப் போகிறார்கள். “நான் திருடவில்லையே” என்பான் பையன். 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, அப்படிக் கணக்கைக் கொடுப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். போலீஸ் முதலில் தட்டுவது அவன் வீட்டுக் கதவைத்தான், டெலிகிராம்காரன் எந்த நாட்டில் இருக்கிறானோ யாருக்குத் தெரியும்.

கங்சார்_பாலா:

ஐயா, மச்சானைக் கேட்டேன். எடுத்தது 900, போட்டது 6,400. அதில் 5,000 இன்று காலையில்தான் போட்டிருக்கிறான். இப்போது எடுக்க முடியவில்லையாம், 10 விழுக்காடு வரி கேட்கிறார்களாம்.

பழைய_கிராணி:

வரி ஒரு காசு கட்ட வேண்டாம். உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997க்கு போன் அடிக்கச் சொல்லுங்கள், லைன் கிடைக்காவிட்டால் அவன் பேங்கின் மோசடிப் புகார் எண்ணுக்கு. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. பிறகு ரசீதோடு போலீஸ் ரிப்போர்ட். டெலிகிராம் பேச்சை அழிக்காமல் படம் பிடித்து வைக்கட்டும். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், வக்கீல் கட்டணம் மட்டும் அனுப்பு என்று எவனாவது அடுத்த வாரம் வந்து நிற்பான், அவனுக்கும் பதில் போட வேண்டாம்.