ஐரோப்பிய கெமிக்கல் கம்பெனிகளில் யூனியனும் நிர்வாகமும் ஒத்துப்போவது எப்படி? மும்பை யூனிட்டுக்கு அதில் என்ன இருக்கிறது?

அம்பர்நாத்_கமிட்டி:
தோழர்களே, தாய்க் கம்பெனி ஜெர்மனி. செட்டில்மென்ட் (சம்பளம், வேலை நிபந்தனை ஒப்பந்தம்) பேச்சு தொடங்குமுன் எச்.ஆர். சொல்வது: "அங்கே 1971-க்குப் பிறகு பெரிய ஸ்டிரைக்கே கிடையாது, எல்லாம் ஒர்க்ஸ் கவுன்சிலில் முடிகிறது. நீங்களும் இரு தரப்புப் பிரதிநிதிகளும் உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியிலேயே பேசி முடியுங்கள்." அங்கே நிஜமாக யார் எதைப் பேசுகிறார்கள்? பல நாட்டு ஆலைகளின் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்காரும் ஐரோப்பிய ஒர்க்ஸ் கவுன்சிலில் நமக்கு இடம் உண்டா?

பன்வேல்_செல்வம்:
ஸ்டிரைக் இல்லை என்பது உண்மை, மீதி பாதிக்கதை. சம்பளம் ஒர்க்ஸ் கவுன்சிலின் வேலையே இல்லை. அதை ஐஜி பிசிஇ யூனியனும் பிஏவிசி முதலாளிகள் சங்கமும் துறை முழுமைக்கும் பேசுகின்றன. ஒப்பந்தம் ஓடும்வரை அதில் உள்ள விஷயத்துக்காக ஸ்டிரைக் செய்யக்கூடாது.

ஒர்க்ஸ் கவுன்சில் தனி. ஐந்து பேராவது வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் தேர்ந்தெடுக்கலாம், நான்கு ஆண்டுக்கு ஒரு தேர்தல். அது ஸ்டிரைக் அறிவிக்க முடியாது. ஆனால் ஷிப்ட் தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஓவர்டைம் இதையெல்லாம் அதன் சம்மதம் இல்லாமல் நிர்வாகம் தொட முடியாது. ஒத்துவராவிட்டால் இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, நடுநிலைத் தலைவர் என்று ஒரு சமரசக் குழு கூடும். அதன் முடிவு இருவரையும் கட்டும். மேற்கு ஜெர்மனியில் வார வேலை 37.5 மணி. ஒரு ஆலை 35 முதல் 40-க்குள் மாற்ற நினைத்தால், ஆலைக்குள் பேசியது போதாது, யூனியனும் முதலாளிகள் சங்கமும் ஒப்ப வேண்டும். இந்தப் பல் இருப்பதால்தான் அங்கே பேச்சு நடக்கிறது, உங்கள் எச்.ஆர். இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

செம்பூர்_மணி:
ஐரோப்பிய மட்டத்துக்கு வருகிறேன். முதலாளிகளும் யூனியன்களும் ஐரோப்பிய அளவில் பேசும் சமூக உரையாடல் கமிட்டி கெமிக்கல் துறைக்கு 2004-இல் அமைந்தது. முதலாளிகள் பக்கம் ஈசிஇஜி; தொழிலாளர் பக்கம் எம்செஃப் என்ற யூனியன் கூட்டமைப்பு, அது 2012-இல் இன்டஸ்ட்ரிஆல் ஐரோப்பா என்ற பெரிய கூட்டமைப்பில் இணைந்துவிட்டது. 2011-இல் புராசஸ் ஆபரேட்டர், சூப்பர்வைசர் இவர்களுக்கு என்ன திறமை வேண்டும் என்று ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம் போட்டார்கள். சம்பளம் அங்கே பேசப்படுவதில்லை.

ஐரோப்பிய ஒர்க்ஸ் கவுன்சில் வர வேண்டுமானால் கம்பெனிக்கு உறுப்பு நாடுகளில் 1000 தொழிலாளர், இரண்டு நாடுகளிலாவது தலா 150 பேர் வேண்டும். சட்டப்படி இந்தியாவுக்கு நாற்காலி கிடையாது. அந்தக் கம்பெனியின் ஒப்பந்தமே எல்லையை விரித்திருந்தால்தான் வழி. பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தன் கிளைகளிலும் சப்ளையர்களிடமும் உரிமை மீறல் நடக்காமல் கம்பெனி பார்க்க வேண்டும் என்னும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் அதைவிடக் கைக்கு எட்டும். 2024 முதல் அங்கே 1000 பேராவது வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி புகார் வழி வைத்தாக வேண்டும். சங்கம் சேரும் உரிமை அதில் அடக்கம். புகாரில் யூனிட், தேதி, ஷிப்ட், ஒட்டிய நோட்டீஸின் படம் போடுங்கள். "அநியாயம் நடக்கிறது" என்று மட்டும் எழுதினால் குப்பைக்கூடைதான்.

மாட்டுங்கா_வக்கீல்:
ஒர்க்ஸ் கமிட்டியில் கையெழுத்துப் போடுமுன் ஒன்று. நார்த் புரூக் ஜூட் வழக்கில் (1960) ஆள்குறைப்போடு வந்த ரேஷனலைசேஷன் (குறைந்த ஆளில் வேலையை நடத்தும்) திட்டத்துக்கு கமிட்டி ஒப்புக்கொண்டது. அது தொழிலாளரைக் கட்டாது என்றது உச்ச நீதிமன்றம். கமிட்டி யூனியனுக்கு மாற்று அல்ல.

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலில் உள்ளது. பல யூனியன் இருந்தால் மஸ்டர் ரோலில் (கம்பெனியின் தொழிலாளர் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் ஆதரவு இருக்கும் யூனியன்தான் தனியாகப் பேசும். இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள யூனியன்கள் சேர்ந்து பேச்சு நடத்தும் கவுன்சில். உறுப்பினர் பதிவேட்டை, சந்தா ரசீதோடு இப்போதே சரிபார்த்து வையுங்கள். கான்ட்ராக்டரின் ரோலில் இருப்பவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் சரிபார்ப்பில் அடிபடும்.

ஷிப்ட் விஷயத்தில் நமக்கு இருப்பது 21 நாள் முன்னறிவிப்பு மட்டும், சம்மதம் அல்ல. செட்டில்மென்டிலேயே "ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை), ஆள் எண்ணிக்கை மாற்றம் இரு தரப்புக் கையெழுத்தோடு மட்டும்" என்று ஒரு கிளாஸ் கேளுங்கள். ஜெர்மன் மாடல் வேண்டும் என்பவர்கள் அதற்கு மறுப்புச் சொல்வது சிரமம்.

அம்பர்நாத்_கமிட்டி:
நன்றி. கிளாஸின் வரைவை மராத்தியிலும் எழுதிக்கொண்டு வருகிறோம், பாதிப் பேருக்கு அதுதான் வாசிக்க வரும்.