திரையில் மூன்று விண்டோ, பட்டியலில் முந்நூறு: எப்படிச் சலிப்பது?

கொலுசுப்பட்டறை:
வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் விண்டோஸ் 10. இரவு எட்டரைக்கு பேக்கப் ஓடும். அந்த நேரத்தில் யாராவது பில்லிங் மென்பொருளை மூடாமல் போயிருந்தால், டேட்டா கோப்பு பூட்டிக் கிடக்கும், காப்பி ஆகாது. அதனால் என்னென்ன விண்டோ திறந்திருக்கிறது என்று பார்த்து, பில்லிங் இல்லையென்றால் மட்டும் பேக்கப்பைத் தொடங்கும்படி பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். சிடைப்ஸ் (விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து அழைக்கும் வழி) மூலம், எல்லா விண்டோவையும் பட்டியலிடும் எனும்விண்டோஸ், ஒவ்வொன்றின் தலைப்பையும் எடுக்க கெட்விண்டோடெக்ஸ்ட்-ஏ.

முந்நூறு வரிக்கு மேல் கொட்டுகிறது, பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே இல்லை. எங்கள் "எடை சீட்டு" விண்டோ மட்டும் "??? ??????" என்று வருகிறது.

ஐந்துரோடு:
கேள்விக்குறி விஷயம் முதலில். கடைசியில் ஏ போட்ட ஃபங்ஷன், தலைப்பைப் பழைய கோட்பேஜுக்கு (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) மாற்றித் தரும். விண்டோஸில் தமிழுக்கென்று அப்படியொரு கோட்பேஜே கிடையாது, யூனிகோடு மட்டும்தான். அதனால் ஒவ்வொரு குறியீடும் ஒரு கேள்விக்குறி ஆகிவிடும். "எடை" இரண்டு எழுத்து, குறி மூன்று வருகிறதே என்றால், டையின் ஐகாரக் குறி யூனிகோடில் தனிக் குறியீடு. டபிள்யூவில் முடியும் ஃபங்ஷனுக்கு மாறுங்கள், தலைப்பை வாங்கி வைக்க சிடைப்ஸின் கிரியேட்_யூனிகோட்_பஃபரும் வேண்டும்.

அடுத்து சல்லடை. விண்டோ திரையில் காட்டப்படுவதா என்று சொல்லும் இஸ்விண்டோவிசிபிள் இல்லை என்றால் தள்ளுங்கள். தலைப்பு நீளம் பூஜ்யம் என்றாலும் தள்ளுங்கள். கெட்விண்டோவுக்கு 4 கொடுத்து ஓனர் (அதற்குச் சொந்தக்கார விண்டோ) இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது பெரும்பாலும் இன்னொரு விண்டோ திறந்த டயலாக் பெட்டி. விண்டோவின் கூடுதல் பண்புகளைச் சொல்லும் எக்ஸ்டெண்டட் ஸ்டைலில் டூல்விண்டோ பிட் (128) இருந்தால் டாஸ்க்பாரில் வராது, அதுவும் வேண்டாம். மினிமைஸ் செய்த விண்டோ "விசிபிள்" கணக்கில்தான் வரும், பயப்பட வேண்டாம்.

கொலுசுப்பட்டறை:
நன்றி அண்ணா, தமிழ் சரியாக வருகிறது. இப்போது ஐந்தே வரி. ஆனால் திறக்காத "செட்டிங்ஸ்" இருக்கிறது, "ப்ரோகிராம் மேனேஜர்" என்று ஒன்றும் இருக்கிறது.

சேர்வராயன்மலை:
ப்ரோகிராம் மேனேஜர் உங்கள் டெஸ்க்டாப்பேதான். கிளாஸ் பெயர் (விண்டோவின் வகைப் பெயர்) ப்ராக்மேன் என்றிருப்பதைத் தள்ளிவிடுங்கள். செட்டிங்ஸ் கொஞ்சம் கள்ளத்தனமான ஆள். ஸ்டோர் வகை ஆப்களை விண்டோஸ் பின்னணியில் உறங்க வைத்து, விண்டோவை மறைத்து வைத்திருக்கும். இஸ்விண்டோவிசிபிளைக் கேட்டால் "இருக்கிறேன்" என்றுதான் சொல்லும். டிடபிள்யூஎம்கெட்விண்டோஆட்ரிபியூட்டில் 14ஆம் எண்ணைக் கேளுங்கள், அதுதான் க்ளோக்ட், அதாவது மறைக்கப்பட்டதா என்ற விவரம். பூஜ்யம் அல்லாத எது வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத விண்டோ.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இன்னொரு வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் (அதே கணினியில் மாற்றிப் பார்க்கும் இன்னொரு திரை) இருக்கும் விண்டோவும் க்ளோக்ட் என்றுதான் வரும். பில்லிங்கை யாராவது அங்கே தள்ளி வைத்திருந்தால் உங்கள் நிரல் "இல்லை" என்று சொல்லிவிடும். பில்லிங் தலைப்புக்கு மட்டும் இந்தச் சல்லடை வேண்டாம்.

இங்கே ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸில் லினக்ஸ். விண்டோக்களைக் காட்டும் அமைப்பு பழைய எக்ஸ்11 என்றால் டபிள்யூஎம்சிடிஆர்எல் என்ற கட்டளை ஒரே வரியில் கதையை முடித்துவிடும். அதற்குப் பதிலாக வந்த வேலண்டுக்குப் போனால் அந்தச் சுகம் கிடையாது. ஒரு ஆப் மற்ற ஆப்களின் விண்டோக்களைத் துழாவ அது பொதுவாக விடாது.

கொலுசுப்பட்டறை:
கையால் ஓட்டினால் மூன்றே வரி, அருமை. குறித்த நேரத்தில் தானாக ஓட டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் எட்டரைக்குப் பட்டியல் காலி. பில்லிங் முன்னாலேயே திறந்து கிடக்கிறது, எதுவும் இல்லை என்று சொல்லி பேக்கப் ஆரம்பித்துவிட்டது!

ஐந்துரோடு:
டாஸ்கில் "யூசர் லாகான் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்ற தேர்வைப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் அது செஷன் 0வில், அதாவது விண்டோஸின் பின்னணிச் சேவைகள் ஓடும் இடத்தில், ஓடும். விஸ்டாவிலிருந்தே அந்த செஷன் தனி, உங்கள் டெஸ்க்டாப் அதன் கண்ணில் படாது. எனும்விண்டோஸ் தான் நிற்கும் டெஸ்க்டாப்பை மட்டுமே பார்க்கும். "லாகான் செய்திருக்கும்போது மட்டும்" என்று மாற்றுங்கள்.

சேர்வராயன்மலை:
நான் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன், விண்டோவை நம்பி பேக்கப் எடுக்காதீர்கள். பில்லிங்கை மூடினாலும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ட்ரேயில் ஒளிந்திருந்தால் விண்டோ இருக்காது, கோப்பு மட்டும் பிடியில் இருக்கும். டேட்டா கோப்பையே கிரியேட்ஃபைலில் ஷேர் மோடு 0 (வேறு யாருடனும் பகிராமல்) கொடுத்துத் திறந்து பாருங்கள். பிழை 32 வந்தால் வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். திறந்துவிட்டால் உடனே ஹேண்டிலை (திறந்த கோப்பின் மீதான பிடி) மூடிவிட்டு பேக்கப்பைத் தொடங்குங்கள். விண்டோ பட்டியல் "எதை மூடாமல் போனீர்கள்" என்று ஆளைக் கேட்க மட்டும்.

கொலுசுப்பட்டறை:
இரண்டையும் சேர்த்துவிட்டேன் சார். நேற்று 32 வந்தது, பட்டியலில் பில்லிங் இல்லை, பார்த்தால் ட்ரேயில்தான் இருந்தது. இனி 32 வந்தால் முதலாளி மொபைலுக்கு ஒரு மெசேஜ் போகும்படி செய்யப்போகிறேன். எட்டரைக்கு அவர் பட்டறையில் இருக்கமாட்டார், ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.