நில அளவைப் பிளானை ஓட்டோகேட்டில் இணைத்தால் அளவு பிசகுது, ஹட்ச்சும் விழுதில்லை

எழுவான்கரை:
15 பேர்ச் காணிக்கு வீட்டுப் பிளான், பிரதேச சபைக்குக் குடுக்க. நான் கீறுறது மில்லிமீற்றரில். நில அளவையாளர் தந்த பைலை எக்ஸ்ரெஃப்பா (வெளிப் பைலா) இணைச்சா காணி தீப்பெட்டி அளவுக்கும் இல்லை. 1000 மடங்கு ஸ்கேல் பண்ணினா அளவு சரி, ஆனா ஹட்ச் (இடத்தை நிரப்புற கோட்டு வடிவம்) விழுதில்லை, வட்டம் பல்லுப் பல்லாத் தெரியுது, புள்ளியைப் பிடிக்கிற ஓஸ்னாப் பக்கத்துக் கோட்டுக்குப் பாயுது. எல்லை சரிவா கிடக்கு, அதை நேராக்கிறதும் எப்பிடியென்று சொல்லுங்க.

கல்முனை வரைஞர்:
முதல்ல யூனிட்டைப் பாருங்க தம்பி. நில அளவையாளரின் பைலைத் தனியாத் திறந்து, அச்சுப் பிளானில் நீளம் போட்டிருக்கிற ஒரு எல்லையை டிஸ்ட் கட்டளையால அளங்க. பிளானில் 18.40 மீற்றர், திரையிலும் 18.40 என்றால் பைல் மீற்றரில. 60.37 வந்தால் அடி. 91.47 வந்தால் லிங்க் என்ற பழைய நில அளவை அலகு, பழைய பிளானைப் பார்த்துக் கீறினதா இருக்கும். ஓட்டோகேட்டின் யூனிட் பட்டியலில் லிங்க் இல்லை, அதை மட்டும் கையால 0.201168 ஆல ஸ்கேல் பண்ணி மீற்றராக்கணும்.

பைலின் யூனிட்டைச் சொல்ற இன்ஸ்யூனிட்ஸ், மீற்றர் என்றால் அவரின் பைலில் 6, மில்லிமீற்றருக்கு உங்கட பைலில் 4 என்று இருக்கணும். இது 0 ஆகக் கிடந்தால் ஒப்ஷன்ஸில் உள்ள இயல்பு யூனிட்டை எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் வில்லங்கம் அங்கதான். இரண்டையும் சேவ் பண்ணி, பழைய எக்ஸ்ரெஃப்பை டிட்டாச் பண்ணிட்டு, ஸ்கேல் 1 உடன் திரும்ப இணையுங்க. 1000 மடங்கு தானா வரும். நீங்களும் 1000 போட்டால் பத்து லட்சம் மடங்காகிடும்.

சரிபார்க்க: மீற்றர் பைலில் எல்லை பொலிலைனுக்கு ஏரியா எடுத்து 25.293 ஆல வகுங்க, ஒரு பேர்ச் அவ்வளவு சதுர மீற்றர். 15 பேர்ச் என்றால் ஏரியா 379.4 சதுர மீற்றர் அளவில இருக்கணும்.

படுவான்கரை:
ஹட்ச் விழாததுக்குக் காரணம் வேற. அந்த பைல் எஸ்எல்டி99 என்ற இலங்கை நில அளவை ஆள்கூற்றில இருக்கும். அதில பிதுருதலாகலை மலைக்குக் கிழக்கு எண் 500000, வடக்கு எண் 500000 மீற்றர் என்று வைச்சிருக்கு. நம்மட கிழக்குக் கரை அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் கிழக்கே, ஆகவே கிழக்கு எண் 6 லட்சத்துக்குக் கிட்ட. மில்லிமீற்றராக்கினால் 60 கோடி! ஓட்டோகேட் ஒரு எண்ணுக்கு 15, 16 இலக்கம்தான் வைச்சிருக்கும். 9 இலக்கத்தைத் தூரமே தின்றால் ஹட்ச் கணக்குக்கு மிஞ்சுறது போதாது.

நில அளவையாளரின் பைலைத் தொடாதீங்க. உங்கட பைலில் எக்ஸ்ரெஃப்பை மட்டும் மூவ் பண்ணுங்க: அடிப்புள்ளி காணியின் தென்மேற்கு மூலை, இரண்டாம் புள்ளி #0,0. டைனமிக் இன்புட் போட்டிருக்கும்போது வெறும் 0,0 என்று அடித்தால் இருந்த இடத்திலிருந்து சுழியம் தூரம் என்று எடுத்து, அசையவே அசையாது. மூலையின் பழைய ஆள்கூற்றை டெஃப்பாயிண்ட்ஸ் லேயரில் எழுதி வையுங்க, அது அச்சில் வராது.

சரிவுக்கு ரொட்டேட் வேண்டவே வேண்டாம், வட அம்புக்குறியும் எல்லைக் கோணங்களும் பொய்யாகிடும். ஆள்கூற்று அச்சைத் திருப்புற யூசிஎஸ் கட்டளை, எல்லையின் ஒரு மூலை, மற்ற மூலை, என்டர். பிறகு பிளான் கட்டளையில் கரன்ட். பார்வை மட்டும் திரும்பும். லேஅவுட் (அச்சுத் தாள்) வியூபோர்ட்டுக்குள்ளும் (அதில படம் தெரியிற சட்டம்) இதையே செய்து, பூட்டுறது அதுக்குப் பிறகு.

எழுவான்கரை:
ஹட்ச் விழுது, நன்றி அண்ணன். 1:100 இல் ஏ3 அச்செடுத்தால் ஸ்கேல் ரூலருக்குக் கொஞ்சம் குறையுது.

கல்முனை வரைஞர்:
அது பிரிண்ட் கடையில. பிடிஎஃப் திறக்கிற மென்பொருள் தாளுக்குப் பொருத்து என்று சுருக்கிவிடும், அசல் அளவு என்று மாற்றச் சொல்லுங்க. லேஅவுட் ஓரத்தில 100 மில்லிமீற்றர் கோடு ஒன்று கீறி வைத்தால் தாளை வாங்கின கையோட அளந்திடலாம், 96 வந்தால் திருப்பிக் குடுங்க. லேஅவுட்டிலிருந்து ப்ளொட் 1:1 தான், 1:100 வியூபோர்ட்டுக்கு மட்டும்.

கடைக்கு டிடபிள்யூஜி கொண்டுபோகாதீங்க. உங்கட சிடிபி (கோட்டுத் தடிப்பு அமைப்புப் பைல்) அங்க இல்லாட்டி கோட்டுத் தடிப்பெல்லாம் மாறும். தமிழில பாமினி எழுத்துருப் போட்டிருந்தால் இன்னும் மோசம், அது யூனிகோட் இல்லாததால அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் உரிமையாளர் பெயர் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாத்தான் வரும். சபைக்கு டிடபிள்யூஜியும் கேட்டால், கொப்பி ஒன்றில மட்டும் டெக்ஸ்ட்எக்ஸ்ப் (TXTEXP) பண்ணி எழுத்தைக் கோடாக்கிக் குடுங்க.